இம்பால் வானில் வந்தது என்ன?

மணிப்பூர் தலைநகரான இம்பால் விமான நிலையத்தின் மேலே 2023 நவம்பர் 19ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி அளவில் இன்னதென்று தெரியாத ஒரு பொருள் பறந்தது. நாடே கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கண்ணாக இருந்த நேரம் அது. விமான நிலையத்தில் இருந்தவர்களோ ஆகாயத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கருவி எதுவும் தேவைப்படவில்லை. வெறுங்கண்ணுக்கே அது தெரிந்தது. உடனே விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வந்து கொண்டிருந்த விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டன. புறப்பட வேண்டியவை தரையில் நின்றன. ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குப் பிறகே நிலைமை சீரடைந்தது.

மேற்கு வங்காளத்தில் உள்ள ஹாசிமாரா விமானப் படைத் தளத்திலிருந்து ரபேல் போர் விமானம் ஒன்று புறப்பட்டுப் போய்த் தேடியது. எதுவும் அகப்படவில்லை. அது திரும்பியதும் இன்னொரு ரபேல் போயிற்று. அதற்கும் ஒன்றும் தென்படவில்லை. விமான நிலையத்தில் கண்ணால் கண்டவர்கள் தந்த தகவலின் பேரில் வான் பாதுகாப்பு ஏற்பாடுகள் முடுக்கி விடப்பட்டன என்றும், அந்தச் சிறிய பொருள் அதன் பிறகு காணப்படவில்லை என்றும் விமானப் படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமை அறிவித்தது.

அறிவிப்பு அத்தோடு சரி. வந்தது பலூனா, டிரோனா, வேறு ஏதாவதா, யாருடையது, எந்தத் திசையில் போயிற்று என்ற விவரங்களோடு விசாரணை அறிக்கை என்று ஒன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை.

இம்பால் எங்கோ கிடக்கிறது, திருவனந்தபுரத்துத் தமிழனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் தூரத்தில், பர்மா எல்லையில், மோரே என்ற ஊர் இருக்கிறது. பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் அங்கே குடியேறி, கோயில் கட்டி, தமிழ்ச் சங்கம் வைத்து வாழ்ந்து வருகிறார்கள். சென்னைக்கு வர வேண்டுமானால் அவர்களுக்கும் இம்பால் விமான நிலையந்தான் வழி. மேலும், மணிப்பூரில் 2023 மே 3ந் தேதி மூண்ட கலவரம் அந்த நவம்பரிலும் அடங்கியிருக்கவில்லை. மறு ஆண்டு 2024 செப்டம்பர் முதல் தேதி, இம்பால் மேற்கு மாவட்டத்தில் கவுட்ருக் என்ற கிராமத்தின் மேல் டிரோன்களிலிருந்து குண்டு போட்டார்கள். ஆகாயத்தில் இனந் தெரியாத ஒன்று பறக்கிறது என்றால் சிரித்துவிட்டுப் போகக் கூடிய இடமல்ல அது.

ஆனால் இந்த விஷயத்தில் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. "பறக்கும் தட்டு" என்ற சொல் செய்த வேலை அது. 1947 ஜூன் 24ந் தேதி அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்டு என்பவர் சொந்த விமானத்தில் போய்க் கொண்டிருந்தபோது, ரெயினியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் வரிசையாக விரைந்து செல்லக் கண்டதாகச் சொன்னார். பத்திரிகைகள் அவற்றுக்குத் தட்டு என்று பெயர் சூட்டின. அன்று முதல், வானில் புரியாத ஒன்றைக் கண்டேன் என்று யார் சொன்னாலும், வேற்றுக் கிரகத்தார் வந்து இறங்கினார்களா என்பதே எதிர்க் கேள்வியாகி விட்டது. கண்டதைச் சொன்னவர் கோமாளியாகி விடுகிறார். சொல்லாமலிருப்பதே புத்திசாலித்தனம் என்ற முடிவுக்கு விமானிகள் வந்ததில் வியப்பில்லை.

ஆர்னால்டு கண்ட ஆறரை மாதத்தில் உயிரே ஒன்று போயிற்று. 1948 ஜனவரி 7ந் தேதி கென்டக்கி மாநிலத்தில் தாமஸ் மான்டெல் என்ற ராணுவ விமானி, வானில் தெரிந்த பெரிய பொருளொன்றைப் பார்த்து வரும்படி தரையிலிருந்து கேட்டுக் கொண்டதன் பேரில் அதைத் துரத்திக் கொண்டு மேலே மேலே போனார். அவரிடம் பிராண வாயு வசதி இல்லை. உயரத்தில் மயங்கி, விமானம் விழுந்து மாண்டார். அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என்று அதிகாரிகள் முதலில் கூறினார்கள். பட்டப் பகலில் வெள்ளியா என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் இல்லை. அமெரிக்கக் கடற்படை அப்போது ரகசியமாகப் பறக்க விட்டிருந்த ராட்சத பலூன்களில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த விளக்கம். ஓர் இலாகா பலூன் விடுகிறது, இன்னோர் இலாகாவின் விமானி அது என்னவென்று தெரியாமல் துரத்திச் சாகிறான். ரகசியம் எதிரிக்கு மட்டுந்தான் மறைந்திருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அமெரிக்க விமானப் படை "நீலப் புத்தகம்" என்ற பெயரில் 1952 முதல் 1969 வரை இத்தகைய புகார்களை வாங்கி வைத்தது. பழைய விசாரணைகளையும் சேர்த்துக் கணக்கில் வந்தவை 12,618. அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைத்ததாகச் சொன்னவற்றிலும் எல்லாம் நேர்மையானவை அல்ல. அந்த நாட்டு உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.யின் சரித்திர ஆசிரியரே 1997ல் எழுதினார்: 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் தங்களுடைய யு-2 போன்ற உளவு விமானங்களைப் பார்த்து மக்கள் சொன்னவை, அதை மறைப்பதற்காகப் பனிப் படலம், வெப்ப மாறுதல் என்று ஏதேதோ காரணங்கள் சொல்லப்பட்டன. அரசாங்கம் ஒரு முறை பொய்க் காரணம் சொல்லிவிட்டால், பிறகு மெய்க் காரணம் சொன்னாலும் ஜனங்கள் நம்புவதில்லை. அமெரிக்காவில் இன்றைக்கும் வேற்றுக் கிரகக் கதைகள் செழிப்பாக நடைபோடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, விமானிகள் எல்லாரும் ஏமாந்தார்கள் என்று முடித்துவிடவும் இயலாது. 2004 நவம்பர் 14ந் தேதி கலிபோர்னியா மாநிலக் கடலில், நிமிட்ஸ் என்ற விமானந் தாங்கிக் கப்பலின் படைப் பிரிவுத் தளபதி டேவிட் பிரேவர், சுமார் 40 அடி நீளமுள்ள, இறக்கையும் புகையும் இல்லாத வெள்ளைப் பொருளைப் பகல் வெளிச்சத்தில் கண்டார். உடன் சென்ற மற்ற விமானத்தில் இருந்தவர்களும் கண்டார்கள். துணைக் கப்பலின் ராடாரில் அதற்கு முன் சில நாட்களாகவே விசித்திரமான புள்ளிகள் தெரிந்து வந்தன. அது என்ன என்பதற்கு எல்லாரும் ஒப்புக் கொள்ளும் பதில் இன்று வரை இல்லை. 2014ல் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் இரண்டு போர் விமானங்கள் சேர்ந்து பறந்தபோது, நடுவே ஒரு பொருள் புகுந்து போயிற்று. மோதல் மயிரிழையில் தப்பியது. அந்தப் படைப் பிரிவைச் சேர்ந்த ரையன் கிரேவ்ஸ், 2023 ஜூலை 26ந் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்லும்போது, கேலிக்கும் உத்தியோக பயத்துக்கும் அஞ்சி விமானிகள் வாய் திறப்பதில்லை என்பதையே முக்கியமாக எடுத்துச் சொன்னார்.

அமெரிக்க உளவுத் துறை 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் 144 புகார்களை எடுத்துக் கொண்டது. திட்டவட்டமாக விளக்க முடிந்தது ஒன்றே ஒன்று. அது காற்றுப் போன பெரிய பலூன். 11 புகார்களில் விமானிகள் மோதலுக்கு அருகில் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். 2022ல் இதற்கென்றே ராணுவத் தலைமையகத்தில் தனி அலுவலகம் திறந்தார்கள். 2023 மே முதல் 2024 ஜூன் வரை அதற்கு 757 புகார்கள் வந்து சேர்ந்தன. விளங்கியவற்றில் பெரும்பாலானவை பலூன், பறவை, டிரோன், செயற்கைக் கோள். மேலும் ஆராயத் தக்கவை என்று 21 ஒதுக்கி வைக்கப்பட்டன. வேற்றுக் கிரகத்தார் வந்ததற்கு ஆதாரம் எதுவும் கிட்டவில்லை என்று 2024ல் அந்த அலுவலகம் தெளிவாகவே சொல்லி விட்டது. எதைக் கண்டார்கள், எத்தனை தெரிந்தது, எத்தனை தெரியவில்லை என்ற கணக்காவது அந்த நாட்டு மக்கள் கையில் இருக்கிறது.

பழகிய விமானிக்கும் கண் ஏன் தவறுகிறது என்பது ரயிலில் போகிறவர்களுக்கு எளிதில் விளங்கும். தம்பானூர் ஸ்டேஷனில் நாகர்கோவில் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துப் பிளாட்பாரத்து வண்டி நகர்ந்தால், நம் வண்டி புறப்பட்டு விட்டதாகவே ஒரு கணம் தோன்றும். தூணைப் பார்த்த பிறகுதான் தெளிகிறது. ஆகாயத்தில் தூண் இல்லை. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகம் என்பதும் தெரியாது. அமெரிக்கக் கடற்படை விமானி எடுத்து, உலகமெங்கும் ஓடிய படமொன்றில் ஒரு பொருள் கடலை ஒட்டி மின்னலாகப் பாய்வது போலத் தெரிகிறது. நாசா நியமித்த நிபுணர் குழு 2023ல் கணக்குப் போட்டுப் பார்த்தது. அந்தப் பொருள் இருந்தது 13,000 அடி உயரத்தில். வேகம் மணிக்கு 40 மைல் சுமார். காற்றில் மிதந்து போகிற எதுவும் அந்த வேகத்தில் போகும். பாய்ந்தது படம் எடுத்த விமானம்.

நம் நாட்டிலேயே இதைச் சரியாகச் செய்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம், 14,000 அடி உயரத்தில், சீன எல்லையைக் காவல் காக்கும் ராணுவத்தினரும் இந்தோ-திபெத் எல்லைப் போலீசாரும் 2012 ஆகஸ்டு முதல் இரவில் ஒளிப் பொருள்களைக் கண்டு மேலே எழுதினார்கள். 2013 பிப்ரவரிக்குள் 329 முறை. அவற்றில் 155 முறை அவை எல்லைக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாகக் குறிப்பு. சீனாவின் உளவு டிரோன் என்ற சந்தேகம் தலையெடுத்தது. இத்தகைய எல்லையில் சந்தேகம் எதில் கொண்டு போய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஜவான்களை யாரும் கேலி செய்யவில்லை. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிலையத்து விஞ்ஞானிகளின் உதவி கேட்கப்பட்டது. மணி என்ன, எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்து நட்சத்திரங்களை விட்டு விலகுகிறதா என்று ஒழுங்காகக் குறிக்கச் செய்தார்கள். குறித்ததை வான நூல் கணக்கோடு ஒப்பிட்டதும் விடை வந்துவிட்டது. மாலையில் எழுந்து இரவெல்லாம் தெரிந்தது வியாழன்; விடியற்காலையில் வந்தது வெள்ளி. அந்த உயரத்தில் காற்று மெல்லியது, தூசி குறைவு. கிரகங்கள் நம் ஊரில் காண்பதை விடப் பிரகாசமாகத் தெரியும். 2013 ஜூலையில் இது பத்திரிகைகளில் வந்தது.

மான்டெல் விஷயத்திலும் வெள்ளி என்றார்கள், லடாக்கிலும் வெள்ளி என்றார்கள். முதலாவதை நம்ப ஆளில்லை. இரண்டாவதைப் படித்தவர்கள் ஏற்றுக் கொண்டார்கள். கணக்கைக் காட்டிச் சொன்னதற்கும், வாயை அடைப்பதற்குச் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இம்பாலில் அந்தக் கணக்கு காட்டப்படவில்லை. அதற்கு முன் 2022 ஜனவரியில், தமிழர்கள் நிறைய வாழும் போர்ட் பிளேர் நகரின் மேலே பலூன் போன்ற வெள்ளைப் பொருள் மிதந்ததை ஊர் மக்கள் படம் பிடித்தார்கள். ஓராண்டு கழித்து அமெரிக்கா ஒரு சீன பலூனைச் சுட்டு வீழ்த்திய பிறகுதான் அந்தப் படங்களுக்கே மதிப்பு வந்தது.

ராணுவ ரகசியம் என்ற ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபந்தான். எந்த ராடார் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதை யாரும் கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்லவே செய்கிறார்கள். 2025 ஜூன் 14ந் தேதி இரவு பிரிட்டிஷ் கடற்படையின் எப்-35 போர் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. ராடார் கண்ணுக்குத் தப்புவதற்கென்றே செய்யப்பட்ட விமானம். அதை நம் வான் பாதுகாப்பு அமைப்பு கண்டு, அடையாளமும் தெரிந்துகொண்டு, இறங்க அனுமதித்தது என்று விமானப் படை பெருமையோடு அறிவித்தது. ஜூலை 22ந் தேதி அது பறந்து போகும் வரை, சங்குமுகத்துக்குக் கடற்காற்று வாங்கப் போனவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. 2022 டிசம்பர் 15ந் தேதி மாலை வங்காளத்தில் பல மாவட்டங்களில் வானில் விநோத ஒளி தெரிந்து ஜனங்கள் திகைத்தபோதும், ஒரிசாக் கடற்கரையிலிருந்து அக்னி-5 ஏவுகணை விடப்பட்ட செய்தி அன்றே வெளியாகி, திகைப்பு அடங்கியது. கண்டுபிடித்ததைச் சொல்வதில் தடையில்லை என்றால், தேடிக் கிடைக்காததைச் சொல்வதில் மட்டும் என்ன தடை?

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜின் டிரைவருக்கு (அவருக்கும் இப்போது லோகோ பைலட் என்றுதான் பெயர்) ஓரிடத்தில் வண்டி வழக்கத்துக்கு மாறாகக் குலுங்கியதாகத் தோன்றினால், அடுத்த ஸ்டேஷனில் சொல்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக் கொண்டு, பின்னால் வரும் வண்டியை நிறுத்தி, காஷன் ஆர்டர் கொடுத்து மெதுவாக அனுப்புகிறார். தண்டவாள இன்ஸ்பெக்டர் போய்ப் பார்க்கிறார். கோளாறு இருந்தால் சரி செய்கிறார். ஒன்றும் இல்லையென்றால், ஒன்றும் இல்லை என்பதும் எழுத்தில் ஏறுகிறது. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் என்ன கண்டாயோ என்று டிரைவரை யாரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் அடுத்த டிரைவர் சொல்ல மாட்டார். அதற்கு அடுத்த வண்டி கவிழும்.

ஆகாயத்துக்கும் இந்த வழக்கம் முற்றிலும் புதிதல்ல. பறவை மோதினாலும், இரு விமானங்கள் ஆபத்தான அளவில் நெருங்கினாலும் விமானிகள் எழுதித் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் விதி வைத்திருக்கிறது. விபத்து விசாரணை அறிக்கைகள் வெளியாகின்றன. இன்னதென்று தெரியாத பொருளுக்கும் அதே பாரத்தில் ஓர் இடம் ஒதுக்க முடியும். விமானப் படை தன் விமானிகளும் ராடாரும் கண்டதில் வெளியிடக் கூடியதை அந்த அலுவலகத்துக்குத் தரலாம். வான நூல், வானிலை தெரிந்தவர்களை வைத்து ஆராய்ந்து, ஆண்டுக்கு ஒரு முறை, இத்தனை வந்தன, இத்தனை விளங்கின, இத்தனை விளங்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும். பிரான்சு நாட்டில் 1977 முதல் அரசின் விண்வெளி நிலையமே இந்த வேலையைப் பார்க்கிறது. போலீசாரும் பொதுமக்களும் தந்த புகார்கள், விசாரணை முடிவுகள் எல்லாம் 2007 முதல் யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. அந்த நாட்டுக்கு இதனால் ரகசியம் ஒன்றும் கசிந்து விடவில்லை.

இதற்கு ஓர் அலுவலகம் தேவையென்றால் திருவனந்தபுரத்தை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஆக்குளத்தில் விமானப் படையின் தென் பிராந்தியத் தலைமையகம் 1984 முதல் இருக்கிறது. தும்பாவில் ராக்கெட் தளம். ஊருக்குள் வானிலை நிலையம். வானில் விநோத வெளிச்சம் என்பதும் இவ்வூருக்குப் புதிதல்ல. 1963 நவம்பர் 21ந் தேதி மாலை தும்பாவிலிருந்து போன முதல் ராக்கெட், பிரான்சிலிருந்து வந்த சோடியம் ஆவியை மேலே கக்கி, அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறக் கோடு ஒன்றை இழுத்தது. தெற்கே கன்னியாகுமரி வரை அதைக் கண்டவர்களில் விவரம் தெரியாதவர்கள் என்னவெல்லாம் நினைத்திருப்பார்களோ! ஐதராபாத்திலிருந்து டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் விடும் விஞ்ஞான பலூன்களுக்கோ, எந்தெந்த மாவட்டங்களில் கருவிகள் இறங்கக்கூடும், கண்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கிறார்கள். அந்த அளவு மரியாதை இம்பாலில் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்த பிரயாணிகளுக்கும் கிடைத்திருக்கலாம். மத்திய அரசு முதலில் வெளியிட வேண்டியது அந்தப் பைலைத்தான்.

அது வரும் வரை வலியதுறையில் வலை இழுப்பவருக்கும், இரவு வேலைக்குக் காவல் நிற்பவருக்கும், கேட் கீப்பருக்கும் ஒரு வார்த்தை. வானில் புரியாத வெளிச்சம் கண்டால், முதலில் மணியைக் குறித்துக் கொள்ளுங்கள். திசையைக் குறியுங்கள். கையை நீட்டி, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறையப் பத்துப் பாகை. பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக் கொண்டு, கால் மணி கழித்து இரண்டுக்கும் இடையே தூரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் அநேகமாகக் கிரகந்தான். சங்குமுகத்தில் இறங்க வரும் விமானம் கடலுக்கு மேல் நேராக நம்மை நோக்கி வரும்போது சில நிமிஷங்கள் அசையாமல் நிற்பது போலவே தோன்றும். அதற்கும் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் விளங்காமல் சுற்றிக் கொண்டிருந்தால் 112க்குப் போன் செய்து, கண்டதை மட்டும் சொல்லி, எழுதிக் கொள்ளச் சொல்லுங்கள்.